கரையும் உலோகம் – 3: எட்டு நாள் தகடு

பையனுக்கு 17 வயது. முழங்காலுக்குக் கீழே உடைந்த எலும்பு சேர மறுத்துவிட்டது. நாள்பட்டு, உடைந்த இடமே இன்னொரு மூட்டுபோல ஆட ஆரம்பித்திருந்தது. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில், 1906-07 வாக்கில், அல்பின் லம்போத் என்ற அறுவை மருத்துவர் அந்தக் காலைத் திறந்தார். எலும்பு முனைகள் இரண்டையும் பொருத்தி, மேலே ஒரு மெக்னீசியத் தகட்டை வைத்து இறுக்கினார். தைத்து மூடியாயிற்று.

கால் வீங்கியது. வலி. தோலுக்கு அடியில் ஏதோ உப்பிக்கொண்டு வந்தது. அது நீரோ சீழோ அல்ல, வாயு!

தோலுக்கடியில் வாயு சேர்ந்தால், விரலால் அழுத்தும்போது ‘நொறுநொறு’ என்று ஓர் உணர்வு தட்டும். அறுத்த காலில் அது தட்டினால் எந்த மருத்துவருக்கும் வயிற்றைக் கலக்கும். சதையை அழுகவைக்கும் கிருமிகளும் இப்படித்தான் வாயுவை ஊதும். அந்த நாளில் அதற்குத் தெரிந்த வைத்தியம், காலையே எடுப்பதுதான்.

சென்ற வாரம் நாம் சந்தித்த எட்வர்ட் ஹியூஸ், 1878-இல் மெக்னீசியக் கம்பியால் ரத்தக் குழாயைக் கட்டினாரே, அவருக்கு இந்தச் சோதனை வரவில்லை. ஆஸ்திரியாவின் எர்வின் பேயரும் ரத்தக் குழாய்களுக்கு மெக்னீசியக் குழல்களைச் செய்து பார்த்தவர்தான். லம்போத் மட்டும் எங்கே சறுக்கினார்?

கைத்திறமையில் குறை சொல்ல முடியாது. உடைந்த எலும்பை உலோகத்தால் பிணைக்கும் வேலைக்கு ‘ஆஸ்டியோசிந்தசிஸ்’ என்ற பெயரையே புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அவர். வேண்டிய கருவிகளைத் தானே வடிவமைத்தார். ஓய்வு நேரத்தில் வயலின் செய்தார். மரத்தையும் எலும்பையும் ஒரே கண்ணால் பார்த்த ஆசாரி என்றே எனக்குத் தோன்றுகிறது.

எட்டாவது நாள். வேறு வழியில்லாமல் காலை மறுபடி திறந்தார். தகடு சிதைந்து கிடந்தது. மிச்சம் மீதியைத்தான் பொறுக்கி எடுக்க முடிந்தது. மாதக்கணக்கில் எலும்பைத் தாங்கிவிட்டு, பிறகு மெல்லக் கரைந்திருக்க வேண்டிய தகடு அது.

குற்றவாளி கிருமி அல்ல. தகட்டை இறுக்கியிருந்தது எஃகு!

உங்கள் வீட்டு கீசரை ரிப்பேருக்குக் கழற்றும்போது பார்த்திருப்பீர்கள். உள்ளே பூச்சி அரித்த குச்சிபோல ஒன்று வரும். மெக்கானிக் அதை ‘அனோடு ராடு’ என்பார். பெரும்பாலும் மெக்னீசியம்தான். எஃகுத் தொட்டி துருப்பிடிக்காமல் இருக்க, அது தன்னைக் கரைத்துக்கொள்கிறது. இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டபடி உப்புத் தண்ணீரில் கிடந்தால் அது ஒரு பேட்டரி. அதில் கரைவது எப்போதும் மெக்னீசியத்தின் பங்கு. நம் உடம்பின் நீரும் உப்பு நீர்தானே. கீசரைக் காப்பாற்றும் அதே வேதியியல்தான் பையனின் காலுக்குள் தகட்டைத் தின்றது.

வாயுவுக்கும் கணக்கு உண்டு. மெக்னீசியம் நீரோடு சேர்ந்து கரையும்போது ஹைட்ரஜன் கிளம்பும். 1 கிராம் கரைந்தால் ஏறக்குறைய 1 லிட்டர். மெதுவாகக் கரைந்தால் ரத்தம் அதைச் சுமந்து போய்விடும். எட்டே நாளில் ஒரு தகடு கரைந்தால், எங்கே போகும்?

வேறொருவராக இருந்தால் அந்த உலோகத்தைத் தலைமுழுகியிருப்பார். லம்போத் விடவில்லை. பல ஆண்டுகள் கழித்து, அவரும் அவருடைய உதவியாளர் ழான் வெர்ப்ரூக்கும் மெக்னீசியத்தை மறுபடி கையில் எடுத்தார்கள். இந்த முறை மேசையில் கிடந்தவர்கள் குழந்தைகள். முழங்கைக்குச் சற்று மேலே முறிந்த எலும்பு. அதற்குள் இறங்கியது மெக்னீசிய ஆணி. பக்கத்தில் எஃகு என்ற பேச்சே இல்லை.

கட்டுப் போட்டு அனுப்பினார்கள். குழந்தைகள் திரும்பி வந்தபோது, அந்தச் சின்னக் கைகளை எக்ஸ்ரே படத்தில் பார்த்தார்கள். ஆணி எங்கே?

(தொடரும்)