மார்ச்சு 21

1748-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், ஆப்பிரிக்கக் கரையிலிருந்து தேன்மெழுகும் சாயமரமும் ஏற்றிக்கொண்டு இங்கிலாந்துக்குத் திரும்பிய ‘கிரேஹவுண்டு’ என்னும் கப்பல், அட்லாண்டிக் சமுத்திரத்தில் நள்ளிரவுப் புயலிற் சிக்கி, பக்கப்பலகைகள் பெயர்ந்து நீர் புகுந்தும், நீரினும் இலேசான அந்தச் சரக்கின் உதவியால் மூழ்காது மிதந்தது. அதில் விடியவிடிய நீரிறைத்த ஜான் நியூட்டன், தெய்வநிந்தையே வாடிக்கையாய்த் திரிந்த 22 வயது வாலிபன், தன்னையறியாமல் கர்த்தரின் இரக்கத்தை வேண்டினான். நான்கு வாரங்களுக்குப் பின் அயர்லாந்துக் கரை தென்பட்டது.

புதிய பஞ்சாங்கப்படி மார்ச்சு 21 ஆகிய அப்புயல் நாளை அவர் ஆண்டுதோறும் ஜெபத்தோடும் ஸ்தோத்திரத்தோடும் அனுஷ்டித்தார். எனினும், சொல்லக் கூசினாலும் மறைக்கலாகாத செய்தியொன்று உண்டு: அந்த இரக்கத்தைப் பெற்ற பின்னரும் 1754 வரை அவர் அடிமை வியாபாரக் கப்பல்களிலேயே தொழில் செய்தார், சங்கிலியிற் பிணித்த மனிதரைக் கீழ்த்தளத்தில் அடைத்துவிட்டு மேல்தளத்தில் வேதம் வாசித்தார். 1764-இல் ஓல்னி என்னும் சிற்றூரில் குருவானார். அவருடைய நன்றியறிதல் பகிரங்கமான பாவ அறிக்கையாய்க் கனிந்தது 1788-இலேதான். அவ்வாண்டு வெளியிட்ட பிரசுரத்தில், தாம் செய்த வியாபாரத்தின் கொடுமைகளைத் தம் வாயாலேயே விவரித்தார். அவ்வியாபாரத்தைத் தடைசெய்யும் சட்டம் 1807-இல் நிறைவேறக் கண்டு, அவ்வாண்டு டிசம்பரில் கண்மூடினார்.

1805-இல், பார்வை மங்கி, சரிவர எழுதவும் இயலாத நிலையில், தம் நாட்குறிப்பில் அவர் கடைசியாக எழுதிவைத்தது அந்த மார்ச்சு 21-ஐப் பற்றியே.