இருபதைத் தாண்டிய பாக்டீரியா

மாணவர்களே, புரதங்கள் எத்தனை வகை அமினோ அமிலங்களால் ஆனவை என்று கேட்டால் உடனே "20" என்று எழுதிவிடுவீங்க. தேர்வுக்குச் சரியான விடைதான். ஆனால், அந்த எல்லையை மனிதன் தாண்டிய வரலாறும் தெரிஞ்சிருக்கணும்.

மரபணுச் செய்தி மூன்று மூன்று எழுத்துகளாகப் படிக்கப்படுகிறது. இந்த மூன்றெழுத்துச் சொல்லுக்குக் கோடான் என்று பெயர். மொத்தம் 64 கோடான்கள். 61 கோடான்கள் அமினோ அமிலங்களைக் குறிக்கும். மீதி மூன்றும் முற்றுப்புள்ளி மாதிரி. புரதம் அங்கே முடிந்துவிடும்.

இந்த அகராதியைப் படித்தறிந்ததற்காக நிரென்பர்க், கொரானா, ஹாலி மூவரும் 1968-இல் நோபல் பரிசு பெற்றார்கள். அதே ஆண்டில் பிரான்சிஸ் கிரிக், இந்தக் குறியீடு தற்செயலாக அமைந்து பிறகு உறைந்துபோயிருக்கலாம் என்றார். ஏன் உறைந்தது? ஒரு கோடானின் பொருளை மாற்றினால், அது வருகிற எல்லாப் புரதங்களும் ஒரே நேரத்தில் மாறிவிடும். அப்புறம் உயிர் பிழைப்பது கடினம்.

சரி, விஞ்ஞானிகள் என்ன செய்தாங்க? சொற்களைத் தொடவில்லை, ஈ.கோலை பாக்டீரியா குறைவாகப் பயன்படுத்தும் யு.ஏ.ஜி. என்ற முற்றுப்புள்ளியை எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் பீட்டர் ஷூல்ட்ஸ் குழு 1989-இல் இதைச் சோதனைக் குழாயில் செய்துகாட்டியது. உயிருள்ள செல்லில் செய்வதுதான் சிரமம். புதிய அமினோ அமிலத்தைச் சுமக்க ஒரு கடத்து ஆர்.என்.ஏ. வேண்டும், அதை ஏற்றிவிட ஒரு நொதி வேண்டும். இரண்டும் பாக்டீரியாவின் சொந்தக் கூட்டத்தோடு கலந்துவிடக் கூடாது. ஆகவே, கடலடி வெந்நீர் ஊற்றில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து அந்த இணையைக் கொண்டுவந்து திருத்தி அமைத்தார்கள். 2001-இல் ஈ.கோலை, ஓ-மெத்தில் டைரோசின் என்ற புதிய அமினோ அமிலத்தைத் தன் புரதத்தில் சேர்த்தது.

இன்னொரு தடை இருந்தது. யு.ஏ.ஜி. சில நேரம் பழையபடி முற்றுப்புள்ளியாகவே வேலை செய்தது. 2013-இல் ஜார்ஜ் சர்ச், ஃபாரன் ஐசக்ஸ் குழுவினர் ஈ.கோலையில் அறியப்பட்ட 321 யு.ஏ.ஜி.களையும் வேறு முற்றுப்புள்ளியாக மாற்றினார்கள். யு.ஏ.ஜி. முழுவதும் புதிய வேலைக்குக் கிடைத்தது.

இதனால் என்ன பயன்? புரதத்தில் வேண்டிய இடத்தில் மட்டும் மருந்தை இணைக்கலாம். ஆய்வகத்தில் கொடுக்கும் செயற்கை அமினோ அமிலம் இல்லாமல் வளர முடியாத பாக்டீரியாவும் 2015-இல் உருவானது. அது வெளியே தப்பினால் பரவுமோ என்ற கவலை இதனால் குறைகிறது.

இத்தலைப்பில் கட்டுரை எழுதும்போது ஆண்டுகளை மட்டும் அடுக்காதீங்க. ஒவ்வோர் ஆண்டிலும் எந்தத் தடை இருந்தது, அது எப்படி நீங்கியது என்று காட்டுங்க. அதுதான் வரலாறு.