வேதசாட்சி என்னும் சொல்லும் தேவசகாயம் பிள்ளை வரலாறும்

சமயத்தின்பொருட்டு உயிர் நீத்தாரை வேதசாட்சி என வழங்குதல் கிறித்தவத் தமிழ் மரபு. கிரேக்க மொழியிலும் இப்பொருட்குரிய சொல் முதற்கண் சான்று பகர்வோனையே குறித்தது. சாதலினும் சான்றாதலே இச்சொல்லின் உயிர்ப்பொருள் என்பது இதனாற் பெறப்படும். தேவசகாயம் பிள்ளையின் வரலாறு கொண்டு இதனை ஈண்டு ஆராய்வாம்.

நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் அரண்மனைப் பணியில் இருந்தவர். 1741-இல் குளச்சற் போரில் சிறைப்பட்டுப் பின்னர் அம்மன்னரின் படைத்தலைவராகிய டிலனாய் அவர்க்கு நண்பரானார். குடும்பத்திற் பொருளிழப்பு நேர்ந்து நீலகண்டர் மனம் நொந்திருந்தபோது, டிலனாய் விவிலியத்து யோபுவின் கதையை எடுத்துரைத்தார் என்ப. நல்லோர்க்குத் துன்பம் வருவது ஏன் என்னும் வினாவே அவரைப் புதிய சமயத்தின்பாற் செலுத்தியது எனலாம். 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆயினார். இறைவன் துணைசெய்தான் எனப் பொருள்படும் இலாசர் என்னும் பெயரின் மொழிபெயர்ப்பே இது.

1749-இல் அவர் சிறைப்படுத்தப்பட்டார். எருமைமேல் ஏற்றி ஊர்தோறும் கொண்டுசென்றமையும், அடித்துப் புண்ணில் மிளகாய்ப்பொடி தேய்த்தமையும் மரபு கூறும் செய்திகள். 1752 சனவரி 14-இல் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். உடல் கோட்டாறு சவேரியார் கோயிலில் அடக்கம் செய்யப்பட்டது.

இத்தண்டனைக்குச் சமயமாற்றம் காரணமன்று, அரசியற் குற்றமே காரணம் என்பாரும் உளர். கொச்சி ஆயர் 1756-இல் உரோமைக்கு விடுத்த அறிக்கையோ அவரை விசுவாசத்தின்பொருட்டு இறந்தவராகக் காட்டுகின்றது. இவ்விரண்டையும் முற்றும் வேறாக்குதல் பொருந்தாது என்பது நம் கருத்து. அவர் சிறையிலிருந்த 1750-ஆம் ஆண்டிலேயே மார்த்தாண்ட வர்மர் தம் நாட்டைப் பத்மநாபசுவாமிக்கு ஒப்படைத்துப் பத்மநாபதாசர் ஆயினார். அரசும் வழிபாடும் ஒன்றாகிய அந்நாட்டில், அரண்மனைப் பணியாளர் ஒருவர் வழிபாட்டைத் துறத்தல் அரசனைத் துறத்தலாகவும் கொள்ளப்பட்டிருத்தல் கூடும்.

2022 மே 15-இல் உரோமைத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. இறந்த முறையொன்றே அச்சிறப்பிற்குக் காரணம் எனக் கொள்ளின் வரலாற்றின் பெரும்பகுதியை இழப்போம். இறப்பு ஒரு நாளில் முடிந்தது. பழைய நிலைக்குத் திரும்பாது துன்பத்தைத் தாங்கியதோ ஏறத்தாழ மூன்று ஆண்டுகள். துன்பத்தை விரும்பித் தேடாமலும், வந்தபோது கொண்ட கொள்கையை விடாமலும் நின்ற அந்நிலைபேறே அவர் பகர்ந்த சான்று. வேதசாட்சி என்னும் சொல் அதனையே குறிப்பதாகும்.