ஓராண்டுப் பொறுப்பு: கனடாத் திருச்சபைகளும் அகதியரும்

சமயநல்லூருக்குத் தொலைவிலன்றி ஆனையூரிலும், உச்சப்பட்டியிலும், திருவாதவூரிலும் ஈழத்தமிழ் அகதியர் முகாம்கள் உள்ளன. கிறிஸ்து பிறப்பு நாட்களில் நாமும் சேலையும் இனிப்பும் கொண்டுசென்று, ஜெபித்து, பொழுது சாயுமுன் திரும்பியதுண்டு. ஒரு குடும்பத்தின் பெயரையேனும் கேட்டறிந்தோமா எனில், இல்லை. ஈகைக்கும் பொறுப்பேற்றலுக்கும் இடையேயுள்ள இத்தொலைவை நன்கு விளக்குவது கனடா நாட்டு மெனோனைட்டுச் சபையாரின் வரலாறு.

சீர்திருத்தக் காலத்தில் தோன்றிய இச்சபையார் போர்க்கருவி ஏந்த மறுப்பவர். ரஷியப் புரட்சியையும் பஞ்சத்தையும் அடுத்து, 1923 முதல் 1930 வரை ஏறத்தாழ 20,000 பேர் அங்கிருந்து கனடாவில் குடியேறினர். அவர்களுள் பெரும்பாலாரைக் கனடியப் பசிபிக் இரயில்வே கடனுக்கு ஏற்றிவந்தது. மூப்பர் டேவிட் டேவ்ஸ் தலைமையில் அக்கடனுக்குச் சபையாரே பொறுப்பேற்றனர். பொருளாதார வீழ்ச்சியும் வறட்சியும் வருத்திய ஆண்டுகளிலும் சிறுகச் சிறுகச் செலுத்தி, 1946இல் முற்றும் தீர்த்தனர். அகதியாய் வந்தவர் பிற அகதியரின் கடனையும் சுமந்தனர் என்பது நம் கருத்திற்குரியது.

1976இல் இயற்றப்பட்டு 1978இல் நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டம், குடிமக்கள் ஐவரோ ஒரு சபையோ சேர்ந்து அகதிக் குடும்பமொன்றைத் தாமே வரவழைக்க வழிசெய்தது. வீடு, உணவு, உடை, மொழிப்பயிற்சி, பள்ளிச் சேர்க்கை, வேலை தேடல் ஆகிய அனைத்திற்கும் அவர்களே ஓராண்டு பொறுப்பாளிகள். 1979 மார்ச்சில் மெனோனைட்டு மத்தியக் குழு அரசுடன் முதல் பொது ஒப்பந்தம் செய்தது. நம் வழக்கிற் கூறின், திருமண்டலம் கையொப்பமிட, சேகரங்கள் குடும்பங்களை ஏற்பது போன்றது. பிற சபைகளும் பின்தொடர்ந்தன. 1979-80இல் கனடா ஏற்ற இந்தோசீன அகதியர் சுமார் 60,000 பேருள் பாதிக்கு மேற்பட்டோர் இவ்வாறு தனியார் பொறுப்பில் வந்தவரே.

குறைகளும் இல்லாமலில்லை. மக்கள் ஏற்கும் ஒவ்வோர் அகதிக்கும் ஈடாகத் தானும் ஒருவரை ஏற்பதாகக் கூறிய அரசு, 1979 டிசம்பரில் அவ்வாக்கைக் கைவிட்டது. பொறுப்பேற்றோர் பலர் மனங்கசந்தனர். சில இடங்களில் வந்தவரைத் தம் ஆலயத்திற்கு வரவேண்டுமென எதிர்பார்த்தோரும் உண்டு. பௌத்தக் குடும்பம் நன்றிக்கடனாக ஆராதனையில் அமர்ந்திருப்பதை நாம் அருட்பணி என்று எண்ணோம்.

1986இல் ஐக்கிய நாடுகள் அகதியர் ஆணையத்தின் நான்சன் பதக்கம் கனடா மக்களுக்கு வழங்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 150க்கு மேற்பட்ட ஈழத்தமிழரை மீனவர் மீட்டனர். இவர்களை அழைத்தவர் எவருமில்லை. ஆயினும் நாடு திருப்பியனுப்பவில்லை.

இந்தியாவோ 1951ஆம் ஆண்டின் அகதியர் உடன்படிக்கையில் கையொப்பமிடவில்லை. குடும்பமொன்றை வரவழைக்கும் உரிமை இங்குச் சபைகளுக்கு இல்லை. ஆயினும் 1984இல் செல்வநாயகத்தின் மைந்தர் சந்திரகாசன் தொடங்கிய ஈழ அகதியர் மறுவாழ்வுக் கழகம் வேறொரு வழி காட்டிற்று. முகாம்களில் வாழ்வோரே அதன் ஊழியர். மாணவரின் கல்வியும், முகாமில் பிறந்த குழந்தைகளின் பிறப்புச் சான்றும் அவர்தம் பணியுள் அடங்கும். ஒரு சேகரம் ஒரு குடும்பத்தை, பெயரறிந்து, ஓராண்டளவேனும் ஏற்பதாயின் தொடங்குமிடம் அதுவே: மகளின் கல்லூரிக் கட்டணம், தந்தையின் மருத்துவச் செலவு, அலுவலகப் படியேறுங்கால் உடன்செல்ல ஒருவர்.