கடிக்காமல் பிரியும் குதிரைகள்: விலங்குப் போட்டி பற்றிய கருத்தின் வளர்ச்சி

நெடுந்தீவின் தெற்குப் புல்வெளிகளில் கட்டாக்காலிகளாகத் திரியும் குதிரைகள், போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆண்ட காலங்களில் அங்கு வளர்க்கப்பட்டு, பராமரிப்பார் இல்லாது போன பின்னரும் தலைமுறை தலைமுறையாகப் பெருகியவற்றின் வழிவந்தவை. இத்தகைய குதிரைகளில், பெட்டைகளைக் காத்து நிற்கும் இரு ஆண்கள் எதிர்ப்படும்போது, கழுத்தை வளைத்து நெருங்கி, மூக்கோடு மூக்கு வைத்து மோந்து, கீச்சிட்டு, ஒரே குவியலின் மேல் மாறிமாறி இலத்தி போட்டு, அதையும் மோந்துபார்த்துவிட்டு, பெரும்பாலும் கடியோ உதையோ இன்றிப் பிரிந்துவிடுகின்றன. எதிரியின் எலும்பை ஒரே உதையில் முறிக்கக்கூடிய விலங்கு இவ்வளவோடு நிறுத்திக்கொள்வது ஏன் என்பது உயிரியலை நெடுங்காலம் அலைக்கழித்த வினாவாகும்.

இத்தகைய அடக்கம் இனத்தைக் காக்கவே அமைந்தது என்னும் விளக்கம், விலங்கு நடத்தை ஆய்வாளர் கொன்ராட் லோரன்ஸ் 1963இல் வெளியிட்ட நூலால் பரவலாக அறியப்பட்டது. அவ்விளக்கத்தில் அடிப்படையான குறையொன்று உண்டு: அடக்கமற்ற ஓர் ஆண் தோன்றினால் அதுவே பெட்டைகளை வென்று, தன் இயல்பைக் குட்டிகளுக்குக் கடத்தும், இனத்தின் நலம் அதனைத் தடுக்க மாட்டாது.

இக்குறையை நேராக எதிர்கொண்டவர்கள் ஜோன் மேனாட் சிமித்தும் ஜோர்ஜ் பிறைஸும் ஆவர். இருவரும் 1973இல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரையே கூர்ப்புசார் விளையாட்டுக் கோட்பாட்டுக்கு, அதாவது ஒரு நடத்தையின் பயன் பிறர் நடத்தையைப் பொறுத்து மாறுவதைக் கணிக்கும் முறைக்கு, உறுதியான அடித்தளம் இட்டது. அம்முறையில் காயப்படும்வரை போரிடும் நடத்தை பருந்து எனப் பெயர் பெற்றது; எதிரி சீறியதும் விலகும் நடத்தை பின்னர் புறா எனப்பட்டது. முதற்கட்டுரையில் புறாவின் இடத்தில் எலியே இருந்தது. வெற்றியின் மதிப்பு 50, காயத்தின் இழப்பு 100 எனக் கொண்டால், கூட்டத்தில் பாதி பருந்தாகவும் பாதி புறாவாகவும் இருக்கும்போது இரண்டும் சமபயன் பெறுவதால், அவ்விகிதம் குலைந்தாலும் மீண்டும் அங்கேயே வந்து நிற்கும். இனநலன் என்ற துணையே வேண்டாது, தனி விலங்கின் இலாப நட்டத்திலிருந்தே அடக்கம் பிறப்பதைக் காட்டியதுதான் இக்கணக்கின் பெருஞ்சிறப்பு.

ஆயினும் அது போட்டியாளரைச் சமவலிமையினராகக் கொண்டது, குதிரைகள் அப்படியல்ல. ஒருவர் வலிமையை மற்றவர் அளந்தபின்னரே போரா விலகலா என முடிவாகிறது என்ற கருத்தை 1974இல் ஜெஃப்ரி பாக்கர் முன்வைத்தார். வட கரோலைனாவின் கரையோரத் தீவொன்றில் வாழும் கட்டாக்காலிக் குதிரைகளை ஆராய்ந்த டானியல் ரூபன்ஸ்டைனும் மேஸ் ஹக்கும், ஓங்கிய ஆண்களின் கீச்சொலி தாழ்ந்தவற்றினதைவிட நீண்டது என 1992இல் காட்டினர். வெறும் ஆரவாரமாகத் தோன்றிய கீச்சல் உண்மையில் ஓர் அளவுகோலாகும்.

அளவுகோல் பொய்க்கவும் கூடும். மண்டைதீவுக் கண்டலோரச் சேறு போன்ற இந்துமாக்கடற் கரைகளில், ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த சிறு நண்டினங்களின் ஆண்கள் வளைக்காகப் போட்டியிடுகின்றன. அவற்றுள் ஓரினத்தில், இழந்த கொடுக்குக்குப் பதிலாக முளைப்பது நீளத்தில் குறையாவிடினும் இலேசானது, வலுவற்றது. எதிரியின் கண்ணுக்கோ இவ்வேறுபாடு தென்படுவதில்லை என 2000இல் வெளியான ஆய்வு கூறியது. அத்தகைய கொடுக்கை உடைய நண்டு அதனை உயர்த்தி அசைத்துக் காட்டும். கைகலப்பு நெருங்கினால் ஒதுங்கிவிடும்.