முகத்தலும் நிறுத்தலும்

அளவைகளை எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என நால்வகையாகப் பகுத்தனர் பண்டைத் தமிழர். இவற்றுள் நெய், பால், எண்ணெய் முதலிய நெகிழ்பொருள்கள் முகத்தலுக்கு உரியனவாயின. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக்கள், விளக்கொன்றுக்கு 96 ஆடுகளை ஒதுக்கி, நாளொன்றுக்கு உழக்கு நெய் அளக்குமாறு விதிக்கின்றன. ஆங்கு ‘ஆடவல்லான்’ என்னும் மரக்காலும் உண்டு. அப்பெயரே பூண்ட நிறைகல்லும் உண்டு. பெயர் ஒன்றாயினும், முகத்தல் வேறு, நிறுத்தல் வேறு.

இவ்விரண்டையும் இணைக்கும் பாலமே அடர்த்தி. கனவளவை அடர்த்தியாற் பெருக்கத் திணிவு கிடைக்கும். திணிவை அடர்த்தியால் வகுக்கக் கனவளவு கிடைக்கும். இவ்வுண்மைக்குக் கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீசு வழிவகுத்தார். பின்னர் அல்பிரூனி (973–1048), பொருள் வெளியேற்றும் நீரை நிறுத்து அதன் தன்னீர்ப்பைக் கண்டார். அவர் வழிவந்த அல்காசினி, 1121ஆம் ஆண்டில் இயற்றிய ‘மீஸானுல் ஹிக்மா’ என்னும் நூலில், திண்மங்களோடு எண்ணெய், பால், தேன் முதலிய நெகிழ்பொருள்களின் தன்னீர்ப்பையும் அட்டவணைப்படுத்தினார். தண்ணீரும் வெந்நீரும் ஒரே அடர்த்தி உடையன அல்ல என்பதையும் அவர் அறிந்திருந்தார்.

பிற்கால அரசுகள் நீரையே நடுவாகக் கொண்டன. 1824ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டம், 10 இறாத்தல் நீர் கொள்ளும் அளவைக் கலன் என்றது. பிரெஞ்சியர் ஓர் இலீற்றர் நீரின் திணிவைக் கிலோகிராம் என்றனர். இலங்கையிற் கலனும் அதன் ஆறிலொரு பங்கான போத்தலும் வழங்கின. 1970ஆம் ஆண்டுகளில் மெற்றிக் முறை வந்த பின்னரும் போத்தற் கணக்கு அழிந்திலது.

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய கரையோர ஊர்களில் தேங்காயெண்ணெயும் தேனும் போத்தலால் விலைபேசப்படுதல் பழக்கமான காட்சி. 750 மில்லிலீற்றர் கொள்ளும் போத்தலில், அடர்த்தி 0.92 உடைய தேங்காயெண்ணெய் 690 கிராமே நிற்கும், 1.42 உடைய தேனோ 1065 கிராம் நிற்கும். எண்ணெயைக் கிலோ விலைக்கு விற்பவன் ஓர் இலீற்றரை மட்டும் முகந்து கொடுப்பானாயின், வாங்குபவன் 80 கிராம் இழப்பான். பன்னிரண்டரைக் கிலோவுக்கு இவ்விழப்பு ஒரு கிலோவாகும். அவ்வாறே ஒரு கிலோ தேனுக்கு ஓர் இலீற்றர் அளப்பவன் 420 கிராமைத் தானே இழப்பான். ஒரு கிலோ எண்ணெய்க்குரிய நேரிய அளவு ஏறத்தாழ 1087 மில்லிலீற்றர் ஆகும்.

அளவையிற் குறைசெய்வோரைக் கண்டிக்கும் 83ஆம் அத்தியாயத்தைத் திருக்குர்ஆன் அவர்கள் பெயராலேயே சுட்டுகின்றது. நோன்புப் பெருநாளில் ஏழைக்கு உரிய தருமத்தின் அளவாகிய ‘ஸாஉ’ முகத்தலளவை. அதனைக் கிலோவில் நிறுத்துக் கொடுப்போர்க்கு, தானியத்துக்குத் தானியம் நிறை வேறுபடுமென்ற அறிவு வேண்டும். இங்கு பிழைபடுவது வெறுங் கணக்கன்று, வறியவன் பங்காகும். கோலும் படியும் நேரியனவாயிருத்தல் மட்டும் போதாது. இரண்டையும் இணைக்கும் எண்ணை அறிந்தாலன்றி வாணிகத்தில் நீதி நிலைபெறாது.