எவருக்கு விடுதலை?

பிறந்த வீட்டில் பெண்ணுக்குப் பாசமுண்டு, பங்கில்லை என்றது பழைமை. 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, ஆணுக்குள்ள சொத்துரிமை பெண்ணுக்கும் வேண்டுமெனத் தீர்மானித்தது. 1956இல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டமோ, கூட்டுக்குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகனுக்கே பிறப்புரிமையை வைத்தது. மகளை வாயிலில் நிறுத்தியது. 1989இல் தமிழக அரசு அவ்வாயிலைத் திறந்தது; முன்பே மணமான மகளுக்கு அது கிட்டவில்லை. 2005இல் மைய அரசின் சட்டமே திருந்தியது; நாடெங்கும் மகளும் பங்காளியானாள்.

தீர்மானம் இங்கே சட்டமாக அறுபது ஆண்டுகள்! சட்டம் வந்தும் என்ன? "சீர் செய்தோமே, பங்கு எதற்கு?" என்று கூறித் தங்கையிடம் கையொப்பம் வாங்கும் அண்ணன்மார் இன்றும் உளர். அந்தத் தாளின் பெயர் விடுதலைப் பத்திரம்! எவருக்கு விடுதலை? மேடையில் சமத்துவம் முழங்கும் தோழனே, உன் வீட்டுப் பாகப்பிரிவினையில் உன் தங்கைக்குப் பங்குண்டா?